ரன்-ஃப்ளாட்டை விட்டுச் சாதாரண டயருக்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பிஎம்டபிள்யூவோ மினியோ வாங்கியவர்களில் பலர், முதல் முறை டயர் மாற்றும்போதே, காற்று போனாலும் ஓடும் ரன்-ஃப்ளாட் டயரை விட்டுவிடுவது கோலாலம்பூரில் சகஜம். காரணங்கள் நியாயமானவை. சாதாரண டயர் விலை குறைவு, குழியில் இறங்கினால் இடி குறைவு, பங்சர் ஒட்டுவதும் எளிது. மாறுவதில் தவறு இல்லை. ஆனால் இந்தக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்பேர் டயரும் ஜாக்கும் கிடையாது. காற்று முழுவதும் போனாலும், கெட்டியான பக்கச்சுவரின் பலத்தில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மிகாமல் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் ஓடும் டயர் என்பதால், ரன்-ஃப்ளாட்டே ஸ்பேராகவும் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு, மாற்று ஏற்பாடு எதுவும் இல்லாமல் காராக் நெடுஞ்சாலையில் இரவில் ஏறுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

பலர் வாங்குவது பங்சர் திரவமும் சிறிய கம்ப்ரஸரும். ஆணி குத்திய சிறு துளைக்கு அது போதும். ஆணியைப் பிடுங்காமல் திரவத்தை ஏற்றி, உடனே சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, நிறுத்திக் காற்றை மறுபடி அளக்க வேண்டும். மீண்டும் வெகுவாக இறங்கியிருந்தால் துளை அடைபடவில்லை என்று பொருள்; அதற்கு மேல் ஓட்டக் கூடாது. பக்கச்சுவர் கிழிந்தாலோ, குழியில் விழுந்து ரிம் வளைந்தாலோ திரவத்தால் பயனில்லை. புட்டியில் காலாவதித் தேதி உண்டு. வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் வருடக்கணக்கில் கிடந்த புட்டியை நம்பவே வேண்டாம். திரவம் ஏற்றிய டயரைக் கடையில் கொடுக்கும்போது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உள்ளே இருக்கும் சென்சாரையும் துடைக்க வேண்டியிருக்கும்.

சிறிய ஸ்பேர் சக்கரம் வாங்குவது இன்னும் நல்லது, ஆனால் கண்ணளவில் பார்த்து வாங்கக் கூடாது. எஃப்30 தலைமுறை பிஎம்டபிள்யூ 3 சீரிஸில் போல்ட் அமைப்பு 5x120 (ஐந்து போல்ட், 120 மில்லிமீட்டர் வட்டம்), நடுத்துளை 72.6 மில்லிமீட்டர். அடுத்த தலைமுறையான ஜி20இல் அது 5x112, 66.6 ஆக மாறிவிட்டது. போல்ட் பொருந்தினாலும் பிரேக் காலிப்பரில் ரிம் இடிக்கலாம். எனவே வாங்கும் கடையிலேயே முன்னும் பின்னும் ஒருமுறை மாட்டிச் சுற்றிப் பாருங்கள். காரின் அடியில் உள்ள ஜாக் திண்டில் உட்காரும் ஜாக், போல்ட் சாவி, பூட்டு போல்ட் இருந்தால் அதன் அடாப்டர் ஆகியவையும் கூடவே இருக்க வேண்டும். பின்பெட்டியில் சக்கரத்தை வாரால் கட்டிவையுங்கள். அவசர பிரேக்கில் அது பறந்து வரும்.

அடுத்தது பழக்கத்தின் பிழை. ரன்-ஃப்ளாட்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும் வேகத்தைக் குறைத்து வீடு வரை ஓட்டிவிடலாம். சாதாரண டயரில், காற்று இறங்கிய நிலையில் சில நூறு மீட்டர் உருண்டாலே பக்கச்சுவர் உட்புறம் நசுங்கி டயர் வீணாகும். ஒட்டினாலும் பயன்படுத்த முடியாது. விளக்கு எரிந்ததும் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்துங்கள். பிளஸ் நெடுஞ்சாலையின் அவசரப் பாதையில் நின்றால், வலப்பக்க டயரை நீங்களே மாற்ற முனையாதீர்கள். முதுகுக்குப் பின்னால் லாரி போகும் இடம் அது. எல்லோரும் தடுப்புக்கு அப்பால் நின்று, ரோந்து உதவியை அழையுங்கள்.

பணம் மிச்சப்படுத்த இரண்டை மட்டும் மாற்றுவதும் நடக்கிறது. ஒரே அச்சில் ஒன்று ரன்-ஃப்ளாட், ஒன்று சாதாரணம் என்பது கூடவே கூடாது. முன்னிரண்டு ஒருவகை, பின்னிரண்டு இன்னொரு வகை என்றாலும், மழையில் திரும்பும்போது கார் நடந்துகொள்ளும் விதம் மாறும். நான்கையும் சேர்த்து மாற்றுங்கள்.

அளவு மட்டும் ஒத்துப்போனால் போதாது. 225/45 ஆர்18 அளவிலேயே சுமைக் குறியீடு 91 உள்ளதும் கிடைக்கும், 95 எக்ஸ்எல்லும் (கூடுதல் சுமை வகை) கிடைக்கும். முன்னது ஒரு டயருக்கு 615 கிலோ தாங்கும், பின்னது 690 கிலோ. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையிலும் கையேட்டிலும் உள்ள குறியீட்டுக்குக் கீழே போகாதீர்கள்.

காற்று விஷயத்தில் இரு பக்கமும் தவறுகிறார்கள். இன்னும் மென்மை வேண்டுமென்று சிலர் குறைக்கிறார்கள். அப்படிக் குறைத்தால் குழியில் விழும்போது பக்கச்சுவர் ரிம்மில் நசுங்கிப் புடைக்கும். ஸ்டீயரிங்கின் பழைய விறைப்பு வேண்டுமென்று வேறு சிலர் கண்டபடி ஏற்றுகிறார்கள். நடுப்பகுதி முதலில் தேய்ந்து, ஈரச் சாலையில் பிடிப்பும் குறையும். அட்டையில் உள்ள கிலோபாஸ்கல் அளவையே வையுங்கள். அதையும் டயர் ஆறியிருக்கும்போது, காலையில் வண்டி எடுத்தவுடன் பக்கத்துப் பெட்ரோல் நிலையத்தில் சரிபாருங்கள். அதன் பிறகே காரின் மெனுவில் டயர் அழுத்த எச்சரிக்கையை ரீசெட் செய்ய வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் ரீசெட் செய்தால், உயர்ந்த அந்த அழுத்தத்தையே கணினி சரியான அளவாக எடுத்துக்கொள்ளும். ரன்-ஃப்ளாட் போய்விட்டதே என்று இந்த எச்சரிக்கையை அணைத்துவிடுவது இன்னும் மோசம். இப்போதுதான் அது அதிகம் தேவை.

கடையில் கவனிக்க இரண்டே விஷயங்கள். ரன்-ஃப்ளாட்டின் சுவர் கெட்டி. டயரை அழுத்திப் பிடிக்கும் துணைக்கை உள்ள இயந்திரம் இல்லாத கடையில் அதைக் கழற்றினால் ரிம் கீறும், சென்சாரும் உடையலாம். பிறகு போல்ட். காற்றுத் துப்பாக்கியால் முறுக்கியதோடு விடாமல் டார்க் ரெஞ்சால் முடிக்கச் சொல்லுங்கள்: எஃப்30க்கு 140 நியூட்டன் மீட்டர், அதற்கு முந்தைய இ90க்கு 120. நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.