குண்டுக்கரிச்சானை வரவழைக்க நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை தொடங்கியதும் புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர்கள், கறுப்பு வெள்ளைப் பாட்டுப் பறவையான குண்டுக்கரிச்சானைத் தேடுகிறார்கள். நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள்.

நிறத்தை மட்டும் பார்ப்பது

வாலாட்டிக் குருவியும் கறுப்பு வெள்ளைதான். ஆனால் அதற்கு வெள்ளைப் புருவம் உண்டு; வாலை மேலும் கீழும் ஆட்டியபடி ஓடும். கரிச்சான் தத்திச் செல்லும், வாலைச் செங்குத்தாக நிறுத்தும். சிறகில் நீண்ட வெள்ளைப் பட்டை இருக்கும். பெண்ணுக்குக் கறுப்பு இருக்கவேண்டிய இடமெல்லாம் சாம்பல். அதை வேறு இனம் என்று குறித்துக்கொள்ளாதீர்கள்.

கைபேசியில் அதன் பாட்டைப் போடுவது

இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கோபம் மட்டும் குறையவில்லை. ஆண் பாடுவது பெண்ணை அழைக்க மட்டுமல்ல, ‘இது என் இடம்’ என்று மற்ற ஆண்களை எச்சரிக்கவும்தான். கைபேசியில் கேட்கும் குரல் அதற்கு எல்லைக்குள் புகுந்துவிட்ட எதிரி.

போன வைகாசியில் எங்கள் தெரு முருங்கைப் பொந்தில் குஞ்சுகள் இருந்தன. கேமராவோடு வந்த இளைஞர் ஒருவர் பாட்டை ஓடவிட்டார். ஆண் பாய்ந்து வந்து கைப்பிடிச் சுவரில் அமர்ந்தது. அலகை வானை நோக்கி நிமிர்த்தி, வாலை விரித்து, நெஞ்சைப் புடைத்துக் கத்தியது. பெண்ணோ அலகில் பச்சைப் புழுவோடு கம்பியிலேயே உட்கார்ந்திருந்தது. பொந்தை நெருங்கவில்லை. உள்ளே குஞ்சுகள் கத்துகின்றன. நிறுத்தச் சொன்னேன். “அதற்குப் பிடித்துத்தானே சார் வருகிறது?” என்றார்.

பிடித்து வரவில்லை, சண்டைக்கு வருகிறது. இல்லாத எதிரியோடு அது மல்லுக்கட்டும் நேரமெல்லாம் கூட்டுக்குக் காவல் இல்லை, குஞ்சுக்கு இரை இல்லை. ஒரு படத்துக்காக இதைச் செய்யலாமா?

மார்ச் முதல் ஜூலை வரை விடியும் முன்பே பாடத் தொடங்கிவிடும். பெரும்பாலும் அதே உச்சிக்கிளை, அதே ஆன்டெனா. அங்கே போய்ப் பேசாமல் நில்லுங்கள்.

அரிசி தூவுவது

புறாதான் வரும். கரிச்சான் பூச்சியும் புழுவும் தின்பது. தோட்டத்தின் ஒரு மூலையில் சருகைப் பெருக்காமல் விடுங்கள், பூச்சிமருந்து அடிக்காதீர்கள். ஆழமில்லாத மண்தட்டில் தண்ணீர் வையுங்கள்.

கூண்டில் வளர்ப்பது

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பொந்துகளை அடைப்பது

சுவர் ஓட்டை, பட்ட மரப் பொந்து, பழைய குழாய் எல்லாமே அதற்குக் கூடுதான். பூச்சு வேலையை ஆகஸ்டுக்குத் தள்ளிவையுங்கள். பொந்தே இல்லாத வீடென்றால், ஆடாதபடி சுவரில் அறைந்த மரப்பெட்டியிலும் முட்டையிடும். பூனை ஏற முடியாத இடமாகப் பாருங்கள்.