ஹாப்டிக் கையுறை: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

போன வாரம் தண்டையார்பேட்டையில் இரண்டு தம்பிகள் புது ஹாப்டிக் கையுறையை (கணினிக்குள் தொடும் பொருளை விரலுக்கு உணர்த்தும் கையுறை) மாட்டிக்கொண்டு, கோவையில் இருக்கும் கூட்டாளியோடு வி.ஆரில், அதாவது கண்ணில் மாட்டும் திரைக்குள் தெரியும் மெய்நிகர் உலகில், ஒரு பம்பைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பழைய என்னையே பார்த்த மாதிரி இருந்தது. சார்ஜ் போடுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது அட்டைப்பெட்டியிலேயே இருக்கும்.

ஒரே பொருளை இருவர் பிடிப்பது

நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. வி.ஆரில் ஒரு பம்பு மூடியைத் திருவொற்றியூரிலிருந்து நான் ஒரு பக்கம், கோவையிலிருந்து என் கூட்டாளி மறுபக்கம் தூக்கினோம். விசைக் கணக்கு முழுவதும் எங்கோ ஒரு சர்வரில். மூடி வெடவெடவென்று ஆடியது. விரல் மடங்காமல் தடுக்கும் இழைகள் மாறி மாறி இறுகித் தளர்ந்தன. நெட்தான் மோசம் என்று இணைப்புக்காரரை மூன்று முறை வரவழைத்துச் சண்டை போட்டேன். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நாலாம் நாள் கட்டைவிரல் இழை அறுந்தது. பழுது பார்க்க வெளிநாடு போன கையுறை திரும்பிவர ஒன்றரை மாதம் ஆனது.

கண்ணுக்கு நொடிக்கு 90 படம் போதும். கைக்கு ஒரு பொருள் கெட்டியாகத் தெரிய, விசையை நொடிக்குச் சுமார் 1000 முறை கணக்கிட வேண்டும். 40 மில்லிநொடி தாமதம் என்றால் என் விரலுக்கு வருவது 40 கணக்குக்கு முந்தைய பழங்கதை. மாடிப்படியில் இரண்டு பேர் பீரோ தூக்கும்போது கீழே இருப்பவர் சாய்த்தால் மேலே இருப்பவர் கைக்கு உடனே தெரியும். இங்கே அவர் சாய்த்து முடித்தபிறகுதான் எனக்குத் தெரியும். நான் திருத்துவது அவருக்கு இன்னும் பிந்திப் போகும். ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். வேகமான நெட் போட்டால் குறையும், ஒழியாது.

அதனால் விசையை அவரவர் கணினியிலேயே கணக்கிட விடுங்கள். நெட்டில் பொருளின் இருப்பிடம் மட்டும் போகட்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடிக்க வேண்டும்; கைமாறும்போது மற்றவருக்கு லேசான அதிர்வு போதும்.

எடையை நம்புவது

கையுறை விரலைத்தான் நிறுத்தும், கையை அல்ல. வி.ஆரில் 20 கிலோ மூடியும் பஞ்சுதான். புதுப் பையனுக்கு இதைச் சொல்லாமல் நிஜப் பம்பைத் தொட விடாதீர்கள்.

இரும்பு மேசை

காந்த உணரி வைத்த கையுறை என்றால் லேத் பட்டறையில் விரல் திசை தடுமாறும். மர மேசைக்கு மாறுங்கள்.

அடுத்தவர் காலிபரேஷன்

வேண்டாம். கையுறையை ஒரு கையின் அளவுக்குச் சரிசெய்வதுதான் காலிபரேஷன்; ஒவ்வொரு கைக்கும் புதிதாகச் செய்யுங்கள்.

வியர்வை

உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை. காசிமேட்டுப் புழுக்கத்துக்கு இரண்டு ஜோடி.