புது பைக்குக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி: கையெழுத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

ஷோரூமில் நீட்டும் கொட்டேஷன் தாளில் எக்ஸ்-ஷோரூம் விலை, ஆர்டிஓ, இன்சூரன்ஸ் என்று வரிசையாக வரும். அதற்குக் கீழே ஆக்சஸரீஸோடு சேர்த்து ‘ஈடபிள்யூ’ என்று சுருக்கமாக ஒரு தொகை இருக்கும். அதுதான் எக்ஸ்டெண்டட் வாரண்டி. லோனில் வண்டி எடுப்பவர்களுக்கு இது மாதத் தவணைக்குள் கரைந்துபோவதால் கண்ணிலேயே படுவதில்லை. அந்த வரியில் விரலை வைத்து, “இது இல்லாமல் எவ்வளவு?” என்று கேளுங்கள். இது கட்டாயம் இல்லை. 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வாகனத்துக்கு 5 வருட தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம் ஆனது. அதோடு இதையும் குழப்பிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

அதே தாளில் இன்னும் இரண்டு மூன்று வரிகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆர்எஸ்ஏ என்பது வழியில் வண்டி நின்றால் ஆள் அனுப்புவது, தூக்கிக்கொண்டு போவது. ஏஎம்சி என்பது சர்வீஸ் கூலியையும் சில இடங்களில் ஆயிலையும் முன்கூட்டியே கட்டி வைப்பது. விபத்து, திருட்டு, வெள்ளம் எல்லாம் இன்சூரன்ஸ் பக்கம். எக்ஸ்டெண்டட் வாரண்டி பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்: பாகத்தின் தயாரிப்பிலோ பொருளிலோ உள்ள குறை. மழைத் தண்ணீரில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் பண்ணி, சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்து கனெக்டிங் ராடு வளைந்தால், எந்த வாரண்டியும் அதை ஏற்காது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளம் மாதிரி நாட்களுக்கு இன்சூரன்ஸில் எஞ்சின் புரொடெக்ட் ஆட்-ஆன் கிடைக்கிறதா என்று கேட்பதுதான் சரியான கேள்வி. சென்னையின் தாழ்வான பகுதிகளில் இருப்பவர்கள் வாரண்டிக்கு வைத்திருக்கும் பணத்தை முதலில் அங்கே போடலாம்.

கிலோமீட்டர் முதலில் தீருமா, வருடம் முதலில் தீருமா

உங்கள் மாடலுக்கு கம்பெனியே தரும் வாரண்டி எவ்வளவு என்பதை விற்பனையாளர் வாயால் கேட்காதீர்கள். ஓனர்ஸ் மேனுவலோடு வரும் வாரண்டி புக்லெட்டைத் திறந்து பாருங்கள். ஹீரோ, பஜாஜ், டிவிஎஸ் கம்பெனிகளின் பல கம்யூட்டர் மாடல்களுக்கு, அதாவது தினசரி ஓட்டத்துக்கான சாதாரண வண்டிகளுக்கு, 5 வருடம் ஏற்கெனவே உண்டு. ஹீரோவில் பல வண்டிகளுக்கு 5 வருடம் அல்லது 70,000 கிமீ. ஹோண்டா 3 வருடம் தந்துவிட்டு மேலே 7 வருடத்தைக் காசுக்கு விற்கிறது. எங்கே பார்த்தாலும் நடுவில் அந்த ‘அல்லது’ இருக்கும். எது முதலில் தீர்கிறதோ அதோடு வாரண்டி முடிந்தது.

உங்கள் ஓட்டத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். மறைமலைநகரில் வேலை, தாம்பரத்தைத் தாண்டி வீடு என்று போக வர தினம் 70 கிமீ, மாதம் 25 நாள் ஓட்டினால் மாதத்துக்கு 1,750, வருடத்துக்கு 21,000 கிமீ. 70,000 கிமீ மூன்று வருடம் நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும். இவருக்கு ‘மேலும் 2 வருடம்’ என்று விற்கிறவர் கிலோமீட்டரையும் சேர்த்து ஏற்றித் தருகிறாரா என்பதே முக்கியம். ஏற்றித் தராவிட்டால் அந்த 2 வருடம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். தினம் 15 கிமீ ஓட்டுபவருக்கு வருடம் 4,500தான். 5 வருடத்திலும் 22,500 கிமீதான் ஆகும். அந்த ஓட்டத்தில், ஒழுங்காக ஆயில் மாற்றிய 110 சிசி எஞ்சினுக்கு உள்ளே பெரிய வேலை வருவது அபூர்வம்.

உண்மையான விலை அந்தத் தாளில் இல்லை

எக்ஸ்டெண்டட் வாரண்டியின் விலை என்பது நீங்கள் கட்டும் தொகை மட்டும் அல்ல. நீட்டித்த வருடங்கள் முழுக்க எல்லா சர்வீஸையும் கம்பெனி அங்கீகரித்த சர்வீஸ் சென்டரில், குறித்த கிலோமீட்டருக்குள், குறித்த நாட்களுக்குள் செய்தாக வேண்டும் என்பது நிபந்தனை. ஒன்றைத் தவறவிட்டாலும் எஞ்சின் கிளெய்மை மறுக்க அதுவே போதும்.

ஒரு கணக்கு பார்ப்போம். வாரண்டிக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரு முனை மெக்கானிக்கை விட சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறையும் 700 ரூபாய் கூடுதல். வருடத்துக்கு 3 சர்வீஸ், நீட்டித்தது 2 வருடம் என்றால் 4,200 ரூபாய். மொத்தம் 5,700. இந்தத் தொகைக்குத்தான் நீங்கள் பாதுகாப்பு வாங்குகிறீர்கள், 1,500க்கு அல்ல. உங்கள் ஊர் விலைகளைப் போட்டு இதையே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எப்படியும் கம்பெனி சர்வீஸுக்கே போகிறவர் என்றால் அந்த 4,200ஐ அடித்துவிடலாம். அப்போது கணக்கே வேறு. மாறாக, ஃப்ரீ சர்வீஸ் முடிந்ததும் நம்பிக்கையான மெக்கானிக்கிடம் போவதுதான் உங்கள் வழக்கம் என்றால், இதை வாங்கவே வாங்காதீர்கள். அங்கீகரித்த சர்வீஸ் சென்டர் 40, 50 கிமீ தள்ளி இருக்கும் ஊர்க்காரர்களுக்கும் இதே பதில்தான். ஒவ்வொரு முறையும் அரை நாள் வேலை கெடும்.

அடுத்தது, அதே ஷோரூமின் ஸ்பேர்ஸ் கவுண்டருக்குப் போய் உங்கள் மாடலுக்கு ஐந்து பாகங்களின் விலையைக் கேளுங்கள்: ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் குட்டிக் கம்ப்யூட்டர்), ஃப்யூயல் பம்ப், மீட்டர் கன்சோல், மேக்னட் காயில் (வண்டிக்குக் கரண்டு தருவது), ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) மாட்யூல் இருந்தால் அது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்து கார்புரேட்டர் போனதிலிருந்து, பையைக் காலி பண்ணுவது பிஸ்டனை விட இந்தப் பாகங்கள்தான். ஐந்தில் பெரிய விலை 5,700ஐத் தாண்டவில்லை என்றால் வாங்குவதில் பொருளில்லை. சாதாரண கம்யூட்டர்களில் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். டிஎஃப்டி என்ற கலர் மீட்டர் திரை, லிக்விட் கூலிங், டூயல் சேனல் ஏபிஎஸ் உள்ள வண்டிகளில் ஒரே ஒரு பாகம் போனாலே கட்டிய காசு திரும்பிவிடலாம். 2 அல்லது 3 வருட வாரண்டியோடு அந்த வகை வண்டியை எடுத்து, 5 வருடத்துக்கு மேல் வைத்திருக்கப் போகிறவருக்கு இது தகும்.

பாகப் பட்டியலைப் படிக்கும் விதம்

‘எஞ்சின் முழுக்க கவர் ஆகும்’ என்ற வார்த்தையை நம்பாமல் திட்டத்தின் விதிமுறைத் தாளைக் கேளுங்கள். தர மறுத்தால் அன்று பணம் கட்ட வேண்டாம். டெலிவரி நாளிலேயே வாங்க வேண்டும் என்ற அவசரமும் இல்லை. பெரும்பாலான கம்பெனிகள் பிறகு வாங்கவும் காலம் தருகின்றன. தள்ளிப்போகப் போக விலை ஏறும், அவ்வளவுதான். கடைசித் தேதியை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிரேக் பேட், கிளட்ச் பிளேட், செயின் ஸ்ப்ராக்கெட், கேபிள், பல்பு, ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், ரப்பர் பாகங்கள் எல்லாம் தேய்மானக் கணக்கு, அவை சேராது. பேட்டரிக்கும் டயருக்கும் அவற்றைத் தயாரித்த கம்பெனியின் வாரண்டி தனி. நம் சாலைக் குழிகளில் அடிக்கடி போகும் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்), ஃபோர்க் ஆயில் சீல் (முன் ஷாக்கில் ஆயிலைத் தடுப்பது) இரண்டும் பட்டியலில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். பல திட்டங்களில் இருக்காது. எலக்ட்ரிகல் பாகங்கள் அடங்குமா, லேபரும் அடங்குமா, பாகம் மட்டுமா என்பதையும் பாருங்கள்.

பாகம் பட்டியலில் இருந்தாலும் அது ஏன் கெட்டது என்பதும் சேர்ந்தே பார்க்கப்படும். ஃப்யூயல் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது டேங்குக்குள்ளே இருக்கிறது. சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சி. எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் பம்ப் சூடாகும், அடியில் தங்கிய அழுக்கையும் இழுக்கும். சாவியைப் போட்டதும் இரண்டு மூன்று விநாடி ‘ஊம்’ என்று சன்னமாகக் கேட்க வேண்டிய சத்தம் கேட்கவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, பம்ப் மூன்றையும் பார்ப்பார்கள். பம்ப் மோட்டாரே எரிந்திருந்தால் கிளெய்ம் செல்லும். டேங்கிலிருந்து எடுத்த பெட்ரோலில் தண்ணீரோ துருவோ இருந்தால் ‘வெளிக்காரணம்’ என்று எழுதிவிடுவார்கள். டேங்கில் கால்வாசியாவது எப்போதும் வைத்திருப்பது வாரண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நல்லது.

வயரிங்கும் அப்படித்தான். டூயல் ஹார்ன், எல்இடி பார், அலாரம் மாட்ட வெளியில் ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றியிருந்தால், சோதிக்க வருகிறவர் முதலில் போட்டோ எடுப்பது அந்த முடிச்சைத்தான். மேக்னட் காயில் தரும் கரண்டுக்கு ஓர் அளவு உண்டு. அதற்கு மேல் சுமை ஏறினால் காயிலும், அந்தக் கரண்டைச் சீராக்கும் ஆர்ஆர் யூனிட்டும் சூடாகிக் கருகும், கிளெய்மும் போய்விடும். மொபைல் சார்ஜர் வேண்டுமென்றால்கூட கம்பெனி ஆக்சஸரியாக, பில்லோடு மாட்டிக்கொள்ளுங்கள்.

உணவு டெலிவரிக்கும் பைக் டாக்ஸிக்கும் வண்டி ஓட்டுபவர்கள் ‘வணிகப் பயன்பாடு’ என்ற வரியைத் தவறாமல் தேட வேண்டும். அது விலக்குப் பட்டியலில் இருந்தால், எல்லாரையும் விட அதிகம் ஓட்டும் உங்களுக்கு இந்த வாரண்டியால் பைசா பிரயோஜனம் இல்லை.

வாங்கினால் கையில் இருக்க வேண்டியவை

சான்றிதழைத் தருவது வண்டிக் கம்பெனியா, டீலரா என்று பாருங்கள். வண்டிக் கம்பெனியின் திட்டம் என்றால் அதன் எந்த அங்கீகரித்த சென்டரிலும் கேட்கலாம். டீலரே நடத்தும் திட்டம் அந்த ஷோரூம் இருக்கும் வரைதான். சான்றிதழில் எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர், தொடங்கும் தேதி, முடியும் தேதி, கிமீ வரம்பு ஐந்தும் அச்சில் இருக்க வேண்டும். ‘5 வருடம்’ என்று சொன்னது பழைய வாரண்டியையும் சேர்த்தா, அது முடிந்த பிறகா என்பது அந்தத் தொடக்கத் தேதியில்தான் தெரியும். சொன்ன விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததா என்று கேட்டு, ஜிஎஸ்டி பில்லைத் தனியாக வாங்குங்கள். வண்டியை விற்றால் அடுத்தவர் பெயருக்கு மாறுமா, எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பதையும் அப்போதே கேளுங்கள்.

வாங்காமல் விட்டவர்கள் ஒரு வேலையை மறக்கக் கூடாது. கம்பெனி வாரண்டி முடிய ஒரு மாதம் இருக்கும்போது வண்டியை விட்டு முழுசாகப் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினில் டைமிங் செயின் சலசலப்பு, ஹெட் கேஸ்கெட் ஓரத்தில் ஆயில் கசிவு, முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் பிடிப்பது என எது இருந்தாலும் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் ஜாப் கார்டில் (சர்வீஸுக்கு விடும்போது வேலைகளைக் குறிக்கும் தாள்) எழுத வையுங்கள். வாரண்டிக்குள் பதிவான புகார், தேதி தாண்டிய பிறகும் உங்களுக்கு ஆதாரம்.

கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். டீலரிடம் நிற்காமல் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஜாப் கார்டு, பில், சான்றிதழ் நகல்களோடு மெயில் போடுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே புகார் பதியலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் பதிய வேண்டும்.