பழைய நெகட்டிவை வீட்டிலேயே போன் கேமராவில் படமாக்குவது எப்படி?

செங்கோட்டையில் சாரல் தொடங்கிவிட்டால் தோல் செருப்பே பூசணம் பூக்கும், நெகட்டிவ் எம்மாத்திரம்? அப்பா பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்ததில் பாதி அப்படித்தான் போயிற்று. மீதியைப் போனிலேயே படமெடுத்துக் காப்பாற்றினேன். ஸ்கேனர் வாங்கவில்லை. காசு போட வேண்டியது கேமராவுக்கு அல்ல, வெளிச்சத்துக்கு. அதுவும் சொற்பம்தான்.

முதலில் தூசி. ரப்பர் ப்ளோயரால் காற்றடித்தால் போதும். பூசணம் இருந்தால் ஈரத்துணி பக்கமே போகாதீர்கள். படம் பதிந்திருப்பது ஜெலட்டினில். பூசணம் அரித்த ஜெலட்டின் தண்ணீர் பட்டால் கரைந்து வரும். அத்தை கல்யாணப் படம் ஒன்றில் மாப்பிள்ளையின் முகத்தை நான் அப்படித்தான் வழித்தெடுத்தேன். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.

அடுத்து வெளிச்சம். டேப்லெட்டில் வெறும் வெள்ளைத் திரையை முழுப் பிரகாசத்தில் வையுங்கள். பிரகாசம் குறைந்தால் படத்தில் வரிவரியாக விழலாம். நெகட்டிவை நேராகத் திரைமேல் வைத்தால் திரையின் புள்ளிகளும் சேர்ந்து பதியும். அதனால் நான்கு மூலையிலும் இரண்டிரண்டு தீப்பெட்டி அடுக்கி, அதன்மேல் பால்வெள்ளை அக்ரிலிக் துண்டு ஒன்றை வையுங்கள். பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டு கிடைக்கும்.

கறுப்பு சார்ட்டில் 36 × 24 மி.மீ. ஜன்னல் வெட்டி, அக்ரிலிக்கில் வைத்த நெகட்டிவின் மேல் அழுத்தி வையுங்கள். சுருளாமலும் இருக்கும், பக்கத்து வெளிச்சமும் கண்ணைக் கூசாது. ஓர எண்கள் நேராகப் படிக்க வந்தால் சரியான பக்கம் மேலே இருக்கிறது.

புத்தகங்களை அடுக்கி, போனின் கேமரா முனை மட்டும் வெளியே நீட்டியிருக்கும்படி வைத்து, மறுமுனையில் பாரம் ஏற்றுங்கள். ரொம்பக் கிட்டே போனால் ஃபோகஸ் ஆகாது. ஏறக்குறைய 10 செ.மீ. உயரத்தில் 2 மடங்கு ஜூம் வைத்துப் பாருங்கள். அறை விளக்கை அணைத்து, 3 விநாடி டைமரில் எடுங்கள்.

அப்புறம் கணினியில் ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருள். இலவசம். கறுப்பு ஓரத்தை முதலில் வெட்டிவிட்டு நிறங்களைத் தலைகீழாக்கும் இன்வர்ட் கொடுங்கள். கறுப்புவெள்ளை என்றால் வேலை பெரும்பாலும் முடிந்தது. கலர் நெகட்டிவின் ஆரஞ்சுப் பூச்சு மட்டும் நீலமாகத் திரும்பும். செங்கோட்டை–கொல்லம் ரயில் பாதையில் உள்ள பதிமூன்று கண் பாலத்தில் மீட்டர்கேஜ் ரயில் போகும் படம் ஒன்று, 2010இல் அந்தப் பாதையை மூடுவதற்கு முன்னால் எடுத்தது, முதலில் மலையெல்லாம் நீலச்சாயம் கொட்டினாற்போல வந்தது. ஜிம்ப்பில் நிறத்தைச் சரிசெய்யும் லெவல்ஸ் கருவியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே திறந்து, அங்கே மேடுபள்ளமாகத் தெரியும் வரைபடம் தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் இருமுனைக் குறிகளை இழுத்ததும் காடு பச்சையானது. வாசலில் தொங்கிக்கொண்டிருந்தவரின் சட்டை மஞ்சள் என்று அப்போதுதான் தெரிந்தது.

முடிந்ததும் நெகட்டிவை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து மூடுங்கள்; சாரல் நாளில் மூடினால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டி வைத்த மாதிரி.