ஒரு செமஸ்டர் வெளிநாட்டுத் தன்னார்வப் பணி: பட்டம் தள்ளிப்போகாமல் முடித்த விதம்

வெளிநாட்டில் தன்னார்வப் பணி என்றதும் எல்லோரும் பணத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். எனக்கு இடித்தது பாட அட்டவணை. ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே நடத்தும் பாடங்கள் சில இருந்தன. அவற்றை முடித்தால்தான் அடுத்தவை. அதில் ஒன்று தவறினாலும் பட்டம் ஓராண்டு தள்ளிப்போகும்.

மிச்சமிருந்த எல்லாப் பாடங்களையும் ஒரே தாளில் எழுதி, எது முடிந்தால் எது என்று அம்புக்குறி போட்டேன். ஒரே ஒரு செமஸ்டரில்தான் அம்புக்குறி எதுவும் இல்லை, எல்லாம் விருப்பப் பாடங்கள். சரி, போவது அப்போதுதான் என்று முடிவானது.

அப்புறம் கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகு. விடுப்பு எடுத்தால் உதவித்தொகையும் கல்விக்கடன் சலுகையும் அடிபடலாம் என்பதால், இந்தப் பணியையே களப்பணிப் பாடமாகப் பதிவு செய்யக் கேட்டேன். சேவை மனப்பான்மை பற்றி உருகி எழுதிய கடிதத்தைத் துறையில் யாரும் சீண்டவில்லை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், மேற்பார்வை யார், முடிவில் என்ன அறிக்கை என்று ஒரு பக்கம் கொடுத்ததும் நகர்ந்தது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பாட உழைப்பை அளக்கும் இசிடிஎஸ் (ECTS) முறையில் ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அந்தக் கணக்கையே காட்டினேன். ஒப்புதலைப் புறப்படும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். வெறும் வாய்வார்த்தை என்றால், பேராசிரியர் மாறினால் போச்சு.

விசாவிலும் கவனம். சம்பளம் இல்லாவிட்டாலும் பல நாடுகள் தன்னார்வப் பணியை வேலையாகவே பார்க்கின்றன; அங்கே அதற்குச் சுற்றுலா விசா செல்லாது.