வட்டார எல்லை கீறும்போது வன்னியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியில் இருப்பவர் தன்னை வன்னிக்காரர் என்றுதான் சொல்வார். ஆனால் பாராளுமன்றத் தேர்தலில் அவருடைய வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் சேருகிறது. வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்றும்தான். எல்லை நிர்ணயம் பற்றிப் பேசும் பலர் இங்கேயே சறுக்குகிறார்கள். தேர்தல் மாவட்டம் வேறு, கிராம அலுவலர் பிரிவு வேறு, பிரதேச சபைக்கு உறுப்பினரைத் தெரிவுசெய்யும் வட்டாரம் வேறு. எந்த எல்லையில் குறை என்று சொல்லாத மனுவால் பயனில்லை.

அடுத்தது, வரைபடத்தின் உருவத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்வது. 1812இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி ஒப்பமிட்ட எல்லைகளில் ஒரு தொகுதி, சலமந்தர் என்ற பல்லி போன்ற பிராணியைப் போல நெளிந்து கிடந்தது. கட்சி லாபத்துக்காக எல்லை கீறுவதற்கு ‘ஜெரிமாண்டரிங்’ என்ற பெயர் அப்படி வந்தது. அதற்காகக் கோணலான எல்லை எல்லாம் மோசடி ஆகிவிடாது. துணுக்காயிலும் மாந்தை கிழக்கிலும் காட்டையும் குளத்தையும் சுற்றிப் போகும் எல்லை நெளியத்தான் செய்யும். அடிமட்டம் வைத்துக் கீறிய அழகான சதுரம், ஒரே குளத்தின் கீழ் வயல் செய்யும் ஊரை இரண்டாகப் பிளந்துவிடலாம்.

பார்க்க வேண்டியது கணக்கை. ஒரு சபையில் 500 வாக்காளர், 5 வட்டாரம், வட்டாரத்துக்கு 100 பேர் என்று வைப்போம். 300 பேர் ஒரு கட்சி, 200 பேர் மற்றக் கட்சி. பெரிய கட்சியின் 200 பேரை இரண்டு வட்டாரங்களுக்குள் அடைத்துவிட்டால், அங்கே அது 100க்கு 100 எடுத்து வெல்லும். மிஞ்சிய 100 பேரை மூன்று வட்டாரங்களில் சிதறவிட்டால், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 33 பேர்; எதிரே 67 பேர். 40 வீத ஆதரவு உள்ள கட்சி 3 வட்டாரங்களைப் பிடித்துவிடும். ஒருவருடைய வாக்கையும் களவெடுக்கவில்லை, பெட்டியையும் மாற்றவில்லை. எங்கள் உள்ளூராட்சியில் 60 வீதம் வட்டாரம், 40 வீதம் கட்சிப் பட்டியல் என்ற கலப்பு முறை இருப்பதால் இந்த அநியாயம் பெருமளவு சமப்படுகிறது. ஆனால் என் வட்டாரத்துக்கு உறுப்பினர் யார் என்பதை அந்தக் கோடுதான் தீர்மானிக்கிறது.

‘விகிதாசாரத் தேர்தல் முறை இருக்கிறதே, நமக்கென்ன’ என்று இருந்துவிடுவதும் தவறு. புதிய கலப்பு முறைக்காக வகுத்த மாகாண சபைத் தொகுதிகளின் எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. அந்த ஒக்டோபரில் வடக்கு மாகாண சபையின் காலமும் முடிந்தது. எல்லைச் சிக்கல் தீராததால் ஆண்டுக்கணக்கில் தேர்தலே இல்லாமல் போயிற்று. எனக்கு இது பெரிய வேதனை.

தலைகளைச் சமமாகப் பிரித்துவிட்டால் நீதி கிடைத்துவிடும் என்ற எண்ணமும் வன்னிக்குப் பொருந்தாது. சுதந்திர காலத்துச் சோல்பரி அரசியல் யாப்பில் 75,000 பேருக்கு ஓர் ஆசனம், அதோடு 1,000 சதுர மைலுக்கும் ஓர் ஆசனம் என்று கணக்கிட்டார்கள். ஆள் குறைந்த, பரந்த நிலத்துக்கும் குரல் வேண்டும் என்பதற்காக. 2024இல் சுமார் 5.9 லட்சம் வாக்காளர் உள்ள யாழ்ப்பாணத்துக்கு 6 ஆசனம், சுமார் 3 லட்சம் உள்ள வன்னிக்கும் 6. யாழ்ப்பாணத்தார் இதைக் கேள்வி கேட்கலாம், கேட்பதும் நியாயம். ஆனாலும் மன்னாரின் முசலியிலிருந்து முல்லைத்தீவின் மணலாறு வரை ஓடித் திரிய வேண்டிய உறுப்பினரின் தூரத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

யாரை எண்ணுகிறோம் என்பதில் நடக்கும் தவறுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. 1948 குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் பெரும்பாலோர் குடியுரிமையையும், 1949 தேர்தல் சட்டத் திருத்தத்தால் வாக்குரிமையையும் இழந்தார்கள். ஆனால் ஆசனக் கணக்குக்கு அவர்களுடைய தலைகளையும் எண்ணினார்கள். அதன் பயன் அக்கம்பக்கத்தில் வாக்குரிமை இருந்தவர்களுக்குப் போயிற்று. 1977 கலவரத்துக்குப் பிறகு அந்த மக்களில் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து குடியேறினார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பலர் புத்தளத்தில் தங்கினார்கள். 2009க்குப் பிறகு ஊர் திரும்பியவர்களும் உண்டு, இன்னும் திரும்பாதவர்களும் உண்டு. இந்த ஆண்டு வாக்காளர் இடாப்பை மட்டும் வைத்து வட்டாரம் கீறினால், போரும் கலவரமும் கலைத்த கணக்கையே நிரந்தரமாக்கிவிடுவோம்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். நம்மவருக்கு ஆசனம் கூடுகிறது என்றால் கோணல் கோட்டைப் பார்த்தும் பேசாமல் இருக்கிறோம். வவுனியா தெற்கில் தமிழுக்கொரு பிரதேச சபை, சிங்களத்துக்கொரு பிரதேச சபை இருக்கிறது. சிறு தொகை மக்களுக்குக் குரல் கிடைக்க எல்லை கீறுவதை நான் ஏற்கிறேன். அதே நியாயத்தைத் தமிழர் நடுவே வாழும் முஸ்லிம் ஊருக்கும், சிங்கள ஊருக்கும் கொடுக்க மனம் வரவேண்டும். போட்டியிடப் போகிறவர் கையில் பென்சிலைக் கொடுக்கவும் கூடாது, அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி.

அடுத்தமுறை ஆலோசனை கேட்டு அறிவித்தல் வந்தால் ‘எங்களுக்கு அநீதி’ என்று மட்டும் எழுதாதீர்கள். கிராம அலுவலர் பிரிவின் இலக்கம், அதன் வாக்காளர் தொகை, பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடம் போகிறார்கள், சந்தை எங்கே, மாரியில் குளம் வான் பாய்ந்தால் எந்தப் பாதை மூடுகிறது என்பதையெல்லாம் வரைபடத்தில் குறித்து இணையுங்கள்.