சுடுதண்ணீர் வரவில்லையா? எலிமெண்ட் வாங்கும் முன் கீசரைச் சோதிப்பது எப்படி

ஆடி மாதம் என்றால் இங்கே டர்பனில் குளிர்காலம். மாரியம்மனுக்குக் கஞ்சி காய்ச்ச விடியற்காலையில் எழுந்து, தலைக்குக் குளிக்கப் போனால், அன்றைக்குப் பார்த்துக் குழாயில் பச்சைத் தண்ணீர் வரும். போன ஆடியில் சாட்ஸ்வர்த்தில் அத்தை வீட்டில் இதுதான் நடந்தது. பார்க்க வந்தவர் கீசர் இருக்கும் சீலிங்குக்கு மேலே ஏறவே இல்லை. "எலிமெண்ட் போச்சு" என்று, அதாவது தண்ணீரைச் சூடாக்கும் கம்பி போய்விட்டது என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு போனார். பிறகு நான் ஏறிப் பார்த்தேன். ஐசோலேட்டரில் (கீசருக்கு மட்டுமான சுவிட்சில்) ஒரு கம்பி தளர்ந்து கருகிக் கிடந்தது. எலிமெண்ட் நன்றாகவே இருந்தது.

மின்சாரம் டிபி போர்டில் (வீட்டின் மெயின் சுவிட்ச் பெட்டியில்) பிரேக்கர் வழியாகக் கிளம்பி, கீசருக்குப் பக்கத்தில் உள்ள ஐசோலேட்டருக்கு வந்து, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைத் தாண்டி எலிமெண்ட்டை அடைகிறது. அது எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று வரிசையாகத் தேடினால் பழுது தானாகவே அகப்படும்.

1. ஏணி எடுக்கும் முன்

டிபி போர்டைத் திறந்து கீசர் பிரேக்கரைப் பாருங்கள். விழுந்திருந்தால் ஒரே ஒரு முறை ஏற்றிப் பாருங்கள். உடனே மறுபடி விழுந்தால் ஷார்ட் இருக்கிறது. திரும்பத் திரும்ப ஏற்றாதீர்கள். பிரேக்கர் நிற்கிறது, ஆனால் எர்த் லீக்கேஜ் (மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது என்றால் எலிமெண்ட்டிலோ வயரிலோ ஈரம் இறங்கியிருக்கலாம். எதுவும் விழவில்லையா? டைமர் இருந்தால் நேரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மின்தடைக்குப் பிறகு சில டைமர்கள் நேரம் தப்பி ஓடும். சில நகராட்சிகள் தூரத்திலிருந்தே கீசரை நிறுத்தி வைக்க ஒரு ரிலே பொருத்தியிருப்பார்கள், அதையும் மறக்க வேண்டாம்.

2. மீட்டரிடம் கேளுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஒரு ஸ்க்ரூகூடக் கழற்ற வேண்டியதில்லை. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கீசரை மட்டும் போடுங்கள். டாங்கில் சூடு மிச்சமிருந்தால் தெர்மோஸ்டாட் எலிமெண்ட்டை ஓட விடாது, அதனால் கொஞ்ச நேரம் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு மூடுங்கள். இப்போது வீட்டு மின்சார மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக்குவதை எண்ணுங்கள். யூனிட்டுக்கு 1000 மினுக்கு என்று மீட்டரில் போட்டிருந்தால், 3 கிலோவாட் எலிமெண்ட் ஓடும்போது நிமிடத்துக்கு சுமார் 50 முறை மினுக்கும். அப்படி மினுக்கினால் எலிமெண்ட் வேலை செய்கிறது. சுடுதண்ணீர் எங்கேயாவது ஒழுகுகிறதா என்று தேடுங்கள். விளக்கு அசையவே இல்லையென்றால்தான் மேலே ஏற வேண்டும்.

3. மின்சாரம் இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள்

இதில் அவசரமே கூடாது. லோட்ஷெடிங் நேரத்தில் "கரண்ட்தான் இல்லையே" என்று கீசர் மூடியைத் திறக்காதீர்கள். கை உள்ளே இருக்கும்போதே கரண்ட் திரும்பி வரலாம். டிபியில் கீசர் பிரேக்கரை அணைத்து அதன்மேல் டேப் ஒட்டுங்கள், வீட்டில் உள்ள எல்லோரிடமும் சொல்லுங்கள். பிறகு ஐசோலேட்டரையும் அணையுங்கள்.

மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, முதலில் வேலை செய்யும் ஒரு பிளக்கில் அளந்து பாருங்கள். 230 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். அடுத்து கீசர் மூடியைக் கழற்றி, எதையும் தொடாமல், சிவப்பு (லைவ்) வயருக்கும் கறுப்பு (நியூட்ரல்) வயருக்கும் நடுவில், சிவப்புக்கும் எர்த்துக்கும் நடுவில், கறுப்புக்கும் எர்த்துக்கும் நடுவில் அளந்து பாருங்கள். மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். திரும்பவும் அதே பிளக்கில் ஒரு முறை பாருங்கள். நடுவில் மீட்டரே செத்துப்போயிருந்தால் பூஜ்யத்தை நம்பி ஏமாந்துவிடுவீர்கள். இதைச் செய்யத் தயக்கமாக இருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

4. கண்ணாலும் மூக்காலும்

டார்ச் அடித்துப் பாருங்கள். கருகிய வாசனை, உருகிய பிளாஸ்டிக், பழுப்பாகிப் போன வயர், தண்ணீர்ச் சொட்டு ஏதாவது இருக்கிறதா? 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர் மணிக்கணக்காக ஓடுகிறது. ஸ்க்ரூ கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அந்த இடம் சூடாகிக் கருகிவிடும். டிபி பிரேக்கர் அணைந்திருக்கும்போதே, மேலே செய்ததுபோல மீட்டரால் உறுதிசெய்துகொண்டு, ஐசோலேட்டர் மூடியையும் கழற்றிப் பாருங்கள். அத்தை வீட்டில் பழுது அங்கேதான் இருந்தது.

5. தெர்மோஸ்டாட்

முதலில் வயர்களை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பல தெர்மோஸ்டாட்களில் ஒரு சின்ன ரீசெட் பொத்தான் இருக்கும். அழுத்தும்போது "டிக்" என்று சத்தம் வந்தால், தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானதால் பாதுகாப்பு சுவிட்ச் விழுந்திருக்கிறது. அடுத்த தடவையும் விழுந்தால் தெர்மோஸ்டாட்டை மாற்றியே ஆக வேண்டும். அதைத் தவிர்த்துவிட்டு நேராகக் கம்பி கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், டாங்க் கொதித்து வெடிக்கும் அபாயம் உண்டு.

தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட்டை உருவி, உள்ளே வரும் முனைக்கும் வெளியே போகும் முனைக்கும் நடுவில் ஓம் அளந்தால் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் அதுதான் பழுது. கம்பி வடிவத் தெர்மோஸ்டாட் தனிக் குழலுக்குள் இருப்பதால் மாற்றுவதற்கு டாங்கைக் காலி செய்ய வேண்டியதில்லை.

6. எலிமெண்ட்

வயர் எதுவும் சேராத நிலையில் இரண்டு முனைகளுக்கு நடுவில் ஓம் அளந்து பாருங்கள். 230 வோல்ட்டில் 2 கிலோவாட் எலிமெண்ட்டுக்கு 26 ஓம், 3 கிலோவாட்டுக்கு 17 அல்லது 18, 4 கிலோவாட்டுக்கு 13 அளவில் வரும். மீட்டர் அளவே காட்டவில்லையென்றால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. அப்புறம் ஒரு முனைக்கும் உலோக உடம்புக்கும் நடுவில் பாருங்கள். இங்கே ஏதாவது எண் வந்தால் உறையில் விரிசல் விழுந்து தண்ணீர் புகுந்திருக்கிறது, எர்த் லீக்கேஜ் விழுவதற்கும் அதுவே காரணம். எண் எதுவும் வராமல், ஆனால் எர்த் லீக்கேஜ் மட்டும் விழுந்துகொண்டே இருந்தால், 500 வோல்ட் இன்சுலேஷன் டெஸ்டர் உள்ளவரைக் கூப்பிடுங்கள். மல்டிமீட்டரின் சின்ன பேட்டரிக்குச் சில கசிவுகள் தெரியாது.

எலிமெண்ட்டை மாற்ற டாங்கைக் காலி செய்ய வேண்டும். அதைப் பதிவு பெற்ற ஆளிடம் விடுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத கீசர் என்றால் முதலில் தயாரிப்பாளரையே கூப்பிடுங்கள். உங்கள் அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் வருபவர் ஊகிக்க வேண்டியிருக்காது.

வேலை முடிந்ததும் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். காற்று போய்த் தண்ணீர் சீராக வந்த பிறகுதான் பிரேக்கரை ஏற்ற வேண்டும், தண்ணீர் இல்லாமல் சூடான எலிமெண்ட் சில நிமிடங்களிலேயே எரிந்துபோகும். 150 லிட்டர் டாங்க் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு வர 3 கிலோவாட்டில் இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அரை மணியில் குழாயைத் திறந்துவிட்டு "இன்னும் வரவில்லையே" என்று பயப்படாதீர்கள்.